வெள்ளைக் கோடு போட்ட குட்டை மூங்கில்



சில மாதங்களாக வீட்டுத்தோட்டப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே செடியின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பச்சை இலையில் வெள்ளைக் கோடு ஓடும் குட்டை மூங்கில். புனேயின் கோத்ரூடிலிருந்து எழுதிய வாசகி, இலை நுனியெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது என்று வருந்துகிறார். வாகடில் அடுக்குமாடியில் இருக்கும் ஒருவர், குட்டை என்று சொல்லி விற்ற செடி ஒரே மழைக்காலத்தில் பால்கனிக் கம்பியைத் தாண்டிவிட்டது என்கிறார். கட்கியிலிருந்து ஒரு பெரியவர், கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தவரை நன்றாக இருந்த மூங்கில், மாடியில் வெயிலுக்கு மாற்றியதும் வெந்துபோனது ஏன் என்று கேட்கிறார். இன்னொரு வாசகியின் செடி பூத்தே விட்டது. மூங்கில் பூத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்லப்போக, தூக்கிப் போடுவதா வைத்திருப்பதா என்று தெரியாமல் தவிக்கிறார்.

நல்லவேளையாக எல்லாரும் படம் அனுப்பியிருந்தார்கள். பார்த்தால் நான்கும் வேறு வேறு செடிகள். கோத்ரூட் வாசகியிடம் இருப்பது மட்டுமே நாம் பேசும் குட்டை மூங்கில். மற்ற மூன்றில் ஒன்று வளர்ந்து ஆளாகப்போகும் பெரிய மூங்கிலின் இளங்கன்று. இன்னொன்று மூங்கிலே இல்லாத ஆப்பிரிக்கச் செடி. மூன்றாவது, நம் சஹ்யாத்ரி மலைப் பாறைகளில் தானாக முளைக்கும் புல். நான்குக்கும் நர்சரியில் ஒரே பெயர்தான்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மொத்த வியாபாரியிடமிருந்து எந்தப் பெயரில் வந்ததோ அந்தப் பெயரிலேயே விற்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தபின் அந்தச் செடிக்கு எவ்வளவு வெயில், எவ்வளவு தண்ணீர், எத்தனை அகலத் தொட்டி என்பதெல்லாம் அது எது என்பதைப் பொறுத்தது. அதனால் இந்த மாதம், உரத்தையும் மருந்தையும் பேசுமுன் இலையைக் கையில் எடுத்துப் பார்க்கக் கற்றுக்கொள்வோம். அதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடிகூட வேண்டாம்.

இலை தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். மூங்கிலானால், இலையின் அடி சட்டென்று குறுகி ஒரு குட்டிக் காம்பாக முடியும். நீளம் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்தக் காம்புக்குக் கீழே தண்டை இறுகப் பிடித்த உறை ஒன்று. நெல், சோளம், கரும்பு எல்லாம் மூங்கிலின் சொந்தங்கள்தான். ஆனால் அவற்றின் இலைக்கு இந்தக் காம்பு கிடையாது, இலை நேராக உறையோடு சேர்ந்துவிடும். முற்றிய மூங்கில் இலையை மெதுவாக இழுத்தால் காம்பில் விட்டுக்கொண்டு வரும். உறை தண்டிலேயே நிற்கும். அடுத்து, அந்த இலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நீளவாக்கில் ஓடும் நரம்புகளுக்கு நடுவே குறுக்கு நரம்புகளும் இருப்பது தெரியும். சுவரில் செங்கல் அடுக்கியதுபோல நெருக்கமான கட்டங்கள். குளிர்நாட்டு மூங்கில்களில் இந்தக் கட்டங்கள் தெளிவாகத் தெரியும். கடைசியாக, இலையின் மேல் விரலை ஓட்டுங்கள். நம் குட்டை மூங்கிலின் இலையில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மென்மையான பூமயிர் உண்டு. விரல் அதைக் கண்டுகொள்ளும்.

இந்த மூன்றும் பொருந்தி, தண்டு பென்சிலைவிட மெல்லியதாக இருந்து, கணுவுக்கு ஒன்றோ இரண்டோ கிளைதான் வந்து, உயரம் முழங்காலிலிருந்து இடுப்புக்குள் நின்றால், உங்கள் கையில் இருப்பது பிளையோபிளாஸ்டஸ் வேரிகேட்டஸ் என்றும் பிளையோபிளாஸ்டஸ் ஃபார்ச்சூனி என்றும் தாவரவியலார் எழுதும் செடி. பழைய தோட்டக்கலைப் புத்தகங்களில் அருண்டினேரியா என்ற பெயரில் இருக்கும். ஜப்பானியர் இதை சிகோஸாஸா என்கிறார்கள். இலை 10 முதல் 20 செ.மீ. நீளம், ஒன்றிரண்டு செ.மீ. அகலம், கரும்பச்சையில் வெண்ணெய் நிறக் கோடுகள். ஓர் இலையின் கோடு போல இன்னோர் இலைக்கு இருக்காது. சிலவற்றில் பாதி இலை வெள்ளை, சிலவற்றில் நூல் மாதிரி இரண்டே கோடு. இதன் உறவுக்காரச் செடி ஒன்று மஞ்சள் இலையில் பச்சைக் கோடுகளோடு வரும். ஜப்பானில் அதற்குக் கமுரோஸாஸா என்று பெயர். அதுவும் சில சமயம் இங்கே கிடைக்கிறது. கவனிப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஃபார்ச்சூனி என்ற பெயருக்கு உரியவரை நாம் தினமும் காலையில் நினைக்கலாம். ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர். 1848-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைச் சீனாவுக்கு அனுப்பியது. சீன உடை அணிந்து உள்நாட்டுத் தேயிலை மலைகளுக்குள் நுழைந்து, செடிகளையும் விதைகளையும் இமயமலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். ஜப்பானிலும் செடி தேடியவர் என்பதால் இந்த மூங்கிலுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1863-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து நர்சரிக்காரர் லூயி வான் ஹௌட் தம் தோட்டக்கலை இதழில் இதைப் பெயரிட்டு வெளியிட்டார். வெள்ளைக் கோடு போட்ட செடிதான் முதலில் மேற்கத்தியத் தாவரவியலுக்கு அறிமுகமானது. காட்டில் வளரும் பச்சை வடிவத்தைப் பற்றி அதன் பிறகுதான் பேச்சு.

நம்மவர்களும் சிறுமூங்கிலையும் பெருமூங்கிலையும் பிரித்தறிந்தவர்கள்தான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களில் வேரலும் இருக்கிறது, உந்தூழும் இருக்கிறது. முன்னது சிறுமூங்கில், பின்னது பெருமூங்கில் என்று உரைகள் சொல்கின்றன. திருநெல்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. நெல்லையப்பர் கோயிலின் தலமரமே மூங்கில்தான்; ஊருக்கே வேணுவனம் என்று ஒரு பெயர்.

மற்ற மூன்று செடிகளுக்கு வருகிறேன்.

கட்கி பெரியவரின் செடி டிரசீனா சாண்டெரியானா. கடைகளில் லக்கி பேம்பூ என்று சிவப்பு ரிப்பன் கட்டி விற்பது இதுவே. சொந்த ஊர் காமரூன் முதலான மத்திய ஆப்பிரிக்க நாடுகள். பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்து பழகியது. தண்டில் வளையம் வளையமாகத் தெரிவது உதிர்ந்த இலைகளின் தழும்பு. உள்ளே துளை இல்லை, சதைப்பற்றாக இருக்கும். இலை ஓரத்தில் வெள்ளை வரும் வகைதான் நம்மைக் குழப்புவது. நேர் வெயிலில் வைத்தால் வெந்துதான் போகும். வீட்டுக்குள் வெளிச்சமான மூலையில் வைத்து, குவளைத் தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். அதன் இலை அவற்றின் வயிற்றுக்கு ஆகாது.

பூத்த செடி போகனாதெரம் என்ற புல். மினி பேம்பூ, மங்கி பேம்பூ என்றெல்லாம் பெயர் மாட்டி விற்கிறார்கள். மழைக்காலத்தில் மலைப்பாதைகளில் போகும்போது தண்ணீர் கசியும் பாறை இடுக்கிலிருந்து கொத்தாகத் தொங்கும் மெல்லிய புல்லைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குடும்பம்தான் இது. பொன்னிறத்தில் மென்மயிர் போன்ற கதிர் விடுவது அதன் இயல்பு. அம்மா, அந்தச் செடி அடுத்த ஆண்டும் பூக்கும், அதற்கடுத்த ஆண்டும் பூக்கும். ஒரு தீங்கும் வராது. தூக்கிப் போடாதீர்கள். அடியில் தட்டு வைத்து ஈரம் குறையாமல் பாருங்கள், பழைய தட்டைகளை வருடத்துக்கு ஒருமுறை ஒட்ட வெட்டிவிடுங்கள், புதுசாய்த் தளிர்க்கும்.

வாகட் நண்பரின் செடி நிஜமான மூங்கில்தான். ஆனால் பாம்பூசா மல்டிப்ளெக்ஸ் என்ற வேலி மூங்கிலின் வெள்ளைக் கோட்டு ரகம். கன்றாக இருக்கையில் குட்டையாகத் தெரியும், முழு வளர்த்தியில் மாடி உயரம் போகும். கணுவைப் பார்த்தால் புரியும்: ஒரே கணுவிலிருந்து கொத்தாகப் பத்துப் பதினைந்து கிளைகள் கிளம்பியிருக்கும், இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூத்தாற்போல் வெளிறியிருக்கும். குடியிருப்பின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வைக்க இதைவிட நல்ல மூங்கில் குறைவு. தூராகவே பெருக்கும், ஓடாது, புனே வெயிலுக்கும் அஞ்சாது. பால்கனி மட்டும் அதற்குப் போதாது. சங்கத்துக் காரியதரிசியிடம் பேசிக் கீழே ஓர் இடம் வாங்கிக் கொடுங்கள்.

கோடு போட்ட நாணல் வகை ஒன்றும் இதே பெயரில் கிடைக்கிறது. அதன் இலையடி அகன்று தண்டை அப்படியே தழுவியிருக்கும், காம்பே கிடையாது. கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

சரி, கையில் இருப்பது குட்டை மூங்கில்தான் என்று தெரிந்துவிட்டது. இனி அதன் வெள்ளைக் கோட்டைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டால், வளர்ப்பு முறை முழுவதும் தானாக விளங்கும்.

வெள்ளை என்பது வண்ணம் பூசியது அல்ல. அங்கே பச்சையம் இல்லை. தளிரின் நுனியில் பச்சையம் செய்ய முடியாத செல்கள் சிலவும் செய்ய முடிந்த செல்கள் சிலவும் கலந்திருக்கின்றன. புல் இனத்து இலை அடியிலிருந்து நீளவாக்கில் வளர்வது. அதனால் ஒரு வெள்ளைச் செல்லின் வாரிசுகள் எல்லாம் ஒரே வரிசையாக நீண்டு கோடாகின்றன. திட்டுத் திட்டாக வராமல் கோடாகவே வருவதன் காரணம் இதுதான். பச்சையம் உள்ள இடத்தில்தான் செடிக்கு உணவு தயாராகிறது. ஆக, இதே அளவு பச்சை மூங்கிலைவிட இந்தச் செடிக்குச் சம்பாத்தியம் குறைவு. கடும் வெயிலில் முதலில் காய்வதும் அந்த வெள்ளைப் பகுதிதான். சம்பாத்தியம் குறைவு என்பதால் இருட்டிலும் வைக்க முடியாது. வெள்ளை காய்கிறது என்பதால் உச்சி வெயிலிலும் வைக்க முடியாது. காலை வெயில் பத்து, பதினொரு மணி வரை படும் கிழக்குப் பால்கனி இதற்கு வாய்த்த இடம். வடக்குப் பால்கனியும் திறந்த வானம் தெரிந்தால் பரவாயில்லை. மேற்குப் பால்கனி மட்டும் உள்ளவர்கள் மார்ச் முதல் மழை வரும்வரை நிழல்வலை கட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் இதிலிருந்தே வருகிறது. எப்போதாவது தூரிலிருந்து கோடே இல்லாத முழுப் பச்சைத் தட்டை ஒன்று கிளம்பும். வளமாக இருக்கிறதே என்று மகிழ்ந்து விட்டுவிடுகிறோம். அதற்குப் பச்சையம் முழுதாக இருப்பதால் மற்றவற்றைவிட வேகமாக வளரும், வேகமாகப் பரவும். இரண்டு மூன்று ஆண்டுகளில் தொட்டி முழுக்கப் பச்சையாகி, எதற்காக வாங்கினோமோ அது போய்விடும். கண்டவுடன் மண் மட்டத்தில் வெட்டிவிட வேண்டும்; முடிந்தால் அது கிளம்பிய வேர்த்தண்டையும் தோண்டி எடுத்துவிடுவது உத்தமம். முழு வெள்ளையாக வரும் தட்டைக்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். அது தானே காய்ந்துவிடும்.

மண் விஷயத்தில் புனேக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். நாம் நிற்பது தக்காணத்துக் கருங்கல் மேல். ஊர் மண் கரிசல். மழையில் களியாகத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், கோடையில் வாய் பிளக்கும். இரண்டும் இந்த மூங்கிலின் மெல்லிய வேருக்குப் பிடிக்காது. தொட்டிக்கு நர்சரியில் கிடைக்கும் செம்மண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். லால் மாத்தி என்று கேட்டால் தருவார்கள். அதில் இரண்டு பங்குக்கு, நன்றாக மட்கிய சாணி உரம் ஒரு பங்கு (இங்கே அதற்கு ஷேண்கத் என்று பெயர்), தென்னைநார்த் தூள் ஒரு பங்கு கலந்தால் போதும். தென்னைநார்த் தூளை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சேருங்கள். அதில் உப்பு இருக்கும். தரையில் நடுகிறவர்கள் குழியிலிருந்து கரிசலை எடுத்துவிட்டு இதே கலவையை நிரப்பினாலும், குழியின் அடியில் தண்ணீர் வடிய வழி இல்லையென்றால் அது ஒரு குட்டைதான். அப்படிப்பட்ட இடத்தில் பாத்தியை ஓர் அடி உயர்த்தி நடுவதே மேல்.

இந்த மூங்கிலின் வேர்த்தண்டு ஆழம் போகாது. மேல்மண்ணில் ஓரடிக்குள் பக்கவாட்டில்தான் ஓடும். தொட்டி வாங்கும்போது ஆழத்தைவிட அகலத்தைப் பாருங்கள். உயர்ந்து ஒடுங்கிய அலங்காரத் தொட்டியில் கீழ்ப் பாதி மண் சும்மா ஈரமாகக் கிடக்கும். 14 அங்குல அகலம் இருந்தால் இரண்டு மூன்று வருடத்துக்குக் கவலை இல்லை. தொட்டியைச் செங்கல் மேலோ தாங்கி மேலோ தூக்கி வையுங்கள். தரைத்தள வீட்டுக்காரர்கள் தொட்டியை நேராக மண்மேல் வைத்தால், வடிகால் துளை வழியாக வேர்த்தண்டு மண்ணுக்குள் இறங்கித் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்.

ஓடும் குணத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். ஜப்பானில் மலைச் சரிவையும் குளக்கரையையும் மூடுவதற்கு நடும் செடி வகை இது. உயரத்தில் குட்டையானாலும் பரப்பில் குட்டையல்ல. தனி வீட்டுத் தோட்டத்தில் பாத்தியாக நட ஆசைப்படுகிறவர்கள், சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழத்துக்குத் தடித்த ஹெச்.டி.பி.இ. தகடு பதித்து, அதன் மேல்விளிம்பு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரியும்படி விட்ட பிறகே நட வேண்டும். விளிம்பைத் தாண்டி வரும் வேர்த்தண்டை மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை சுற்றிப் பார்த்து வெட்டுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் இதை நடாதீர்கள். நட்புக்கு நல்லதல்ல.

புனேயின் ஆண்டு இந்தச் செடிக்கு எப்படிப் போகிறது என்று பார்த்தால், பனிக்காலம் அதற்குச் சுகம். ஜப்பானில் பனி கொட்டும் இடத்தில் வாழ்ந்தது, நம் ஊரின் பத்து டிகிரிக் குளிர் அதை ஒன்றும் செய்யாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் மழையும் நல்லதே; தண்ணீர் வடிந்தால் போதும். சிரமம் எல்லாம் மார்ச் முதல் மே வரை. கடல் மட்டத்துக்கு 560 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் ஏப்ரல் கடைசியில் 40 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. வெப்பத்தைவிடக் காற்றின் வறட்சிதான் இலையைத் தின்கிறது. தாகம் எடுத்தால் மூங்கில் இலை நீளவாக்கில் சுருண்டு குச்சி மாதிரி நிற்கும். மதியத்தில் அப்படி நின்று மாலையில் தண்ணீர் விட்டதும் விரிந்தால் பாதகமில்லை. காலையிலேயே சுருண்டிருந்தால் வேர் வரை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தொட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, காற்றுக் குமிழி நிற்கும் வரை ஊறவிடுங்கள். கோடையில் தினம் காலை ஒருமுறை, தேவைப்பட்டால் மாலையும் ஒருமுறை தண்ணீர். உதிர்ந்த மூங்கில் இலைகளைப் பெருக்கித் தள்ளாமல் மண்மேல் மூடாக்காகவே விடுங்கள்.

கோத்ரூட் வாசகியின் கருகிய நுனிகளுக்கு இப்போது பதில் சொல்லலாம். கிழக்குப் பால்கனி, அகலத் தொட்டி, தினமும் தண்ணீர் என எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஊற்றுகிற தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். ஆர்.ஓ. சுத்திகரிப்பான் வெளியே தள்ளும் தண்ணீர். வீணாக்கக் கூடாது என்ற அவர் எண்ணம் போற்றத்தக்கது. ஆனால் அந்தத் தண்ணீரில், குழாய்த் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் கூடுதல் அடர்த்தியில் இருக்கிறது. இலை நுனிதான் நீர் ஆவியாகும் கடைசி எல்லை. உப்பு அங்கே தங்கிச் செல்களைக் கொல்கிறது. கோடையில் டேங்கர் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ வரும் குடியிருப்புகளிலும் இதே கதை. ஆர்.ஓ. கழிவைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு மாநகராட்சித் தண்ணீர், அல்லது அரிசி களைந்த நீர். மழை தொடங்கியதும் தொட்டியை ஒரு நாள் முழுவதும் நல்ல மழையில் நனைய விடுங்கள். தங்கிய உப்பு அடித்துக்கொண்டு போகும். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. அதைக் கத்தரிக்கோலால் இலையின் வடிவத்துக்கேற்பச் சாய்வாக நறுக்கிவிடலாம்.

முழுதாக வெட்டிப் புதுப்பிப்பதும் இந்தச் செடிக்கு நல்லது. குளிர்நாடுகளில் பனிக்காலம் முடியும் தறுவாயில் எல்லாத் தட்டைகளையும் தரைமட்டமாக வெட்டிவிடுவார்கள். வசந்தத்தில் வரும் புதுத் தளிர்களில் வெள்ளை பளீரென்று இருக்கும். அந்தக் கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. பிப்ரவரியில் வெட்டினால் இளந்தளிர் விரியும் நேரம் கோடை வந்துவிடும். நிழலும் தண்ணீரும் உறுதியாகத் தர முடிகிறவர்கள் ஜனவரி கடைசியிலேயே வெட்டிவிடலாம். மற்றவர்கள் கோடையில் அடிபட்ட இலைகளோடு பொறுத்திருந்து, ஜூனில் முதல் மழை விழுந்ததும் வெட்டுவதே பாதுகாப்பு. சென்னை, மதுரை, திருச்சி வாசகர்கள் இரண்டாவது வழியையே பின்பற்றட்டும், ஆனால் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. அங்கே இந்தச் செடிக்குக் கிழக்கு வெயிலும் கொஞ்சம் அதிகப்படிதான். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூருக்காரர்களுக்கு இத்தனை எச்சரிக்கை தேவையில்லை.

உரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். மழைக்காலத் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு கை மண்புழு உரம். தழைச்சத்து அதிகமுள்ள யூரியா வகைகளைத் தொடவே வேண்டாம். மென்மையான தழை மட்டும் பெருகும், அதைத் தேடிப் பூச்சியும் வரும். கோடையில் இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும் மேலே ஊசி குத்தினாற்போல் வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் அது சிலந்திப்பேன். வறண்ட காற்றுதான் அதற்கு அழைப்பு. காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சினால் பெரும்பாலும் அதோடு போய்விடும். மாவுப்பூச்சி கணு உறைக்குள் ஒளிந்திருக்கும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

இனி, விதை. கோடு போட்ட மூங்கில் விதை பாக்கெட்டில் வருகிறதே, வாங்கலாமா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு ஒரே பதில்: வாங்காதீர்கள். கோடு விதை வழியாக நம்பகமாக வராது. தாய்ச்செடியின் தூரைப் பிரித்துத்தான் பிள்ளைச்செடி எடுக்க வேண்டும். அதோடு மூங்கில் விதையே அரிய பொருள். பல மூங்கில்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறைதான் பூக்கின்றன. பூத்துக் காய்த்து மடிகின்றன. நம் மலைகளின் முள்மூங்கிலுக்கு இந்தச் சுழற்சி நாற்பது ஆண்டுகளையும் தாண்டுகிறது.

அந்தக் காத்திருப்பை உடைத்த வேலை நடந்தது இதே புனேயில் என்பதை இங்குள்ள பலரே அறியவில்லை. பாஷாண் சாலையில் இருக்கும் தேசிய இரசாயன ஆய்வகத்தில், என்.சி.எல். என்று எல்லாரும் சொல்லும் இடத்தில், ரஜனி நாட்கௌடா, வி.ஏ. பரஷராமி, ஏ.எஃப். மஸ்கரேன்ஹாஸ் மூவரும் திசு வளர்ப்பு முறையில் மூங்கிலைச் சோதனைக் குழாய்க்குள்ளேயே பூக்க வைத்தார்கள். வளர்ப்பூடகத்தில் அவர்கள் சேர்த்தவற்றில் தேங்காயின் நீரும் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியும் உண்டு. ஒரு மனித ஆயுளின் பாதியைக் கேட்கும் பூ, மாதக் கணக்கில் கண்ணாடிக் குழாயில் மலர்ந்து, முளைக்கும் விதையும் தந்தது. முள்மூங்கிலிலும் டென்ட்ரோகலாமஸ் பிராண்டிசி என்ற பெருமூங்கிலிலும் இதைச் செய்துகாட்டினார்கள். 1990-ல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மூங்கிலில் இனக்கலப்பு செய்து புது ரகம் உண்டாக்க விரும்பும் ஆய்வாளர்களுக்கு, இரண்டு பூக்கள் ஒரே நேரத்தில் கிடைப்பது என்பதே அதுவரை கனவு. அந்தச் சாலை வழியாகப் போகும்போது குழந்தைகளுக்கு அந்த வாசலைக் காட்டி இதைச் சொல்லுங்கள்.

தூர் பிரிக்க ஏற்ற காலமும் ஜூன், ஜூலைதான். தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியை எடுத்தால், வெளிறிய மஞ்சளில் கணுக்கணுவாக வேர்த்தண்டு தொட்டியின் உள்சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடியிருப்பது தெரியும். அதைப் பழைய ரம்பக் கத்தியால் துண்டாக்குங்கள். ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு தட்டைகளும், கையளவு வேரும், வேர்த்தண்டில் கூர்மையான மொட்டு ஒன்றிரண்டும் இருக்க வேண்டும். ஒற்றைத் தட்டையாகப் பிரித்தால் பெரும்பாலும் தேறாது. வேர் காற்றில் காயவே கூடாது. ஈரச் சாக்கில் சுற்றி வைத்து உடனே நட்டு, தட்டைகளைப் பாதி உயரத்துக்கு வெட்டி, மூன்று வாரம் முழு நிழலில் வையுங்கள். பிரிக்கும்போது கோடு நன்றாக ஓடும் தட்டைகள் உள்ள துண்டையே தேர்ந்தெடுங்கள். தாய் எப்படியோ பிள்ளை அப்படி.

வாங்குவதானால், சோலாப்பூர் சாலையில் ஹடப்சர் தாண்டி உருளி காஞ்சன் வரை இருக்கும் நர்சரிகளில் நேரில் பார்த்து வாங்குங்கள். ஜனவரியில் குடியரசு தினத்தை ஒட்டி எம்ப்ரஸ் கார்டனில் நடக்கும் மலர்க் கண்காட்சியும் நல்ல வாய்ப்பு. பல நர்சரிக்காரர்கள் ஒரே இடத்தில் இருப்பார்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிங்ககட் சாலையில் பு.ல. தேஷ்பாண்டே உத்யானுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஜப்பானின் ஒகாயாமா நகரில் 1700-ல் முடிந்த கோராகுவென் தோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைத்தது. ஜப்பானியத் தோட்டத்தில் குட்டைச் செடிகளுக்கு என்ன வேலை என்பது அந்தச் சூழலில் நின்றால் பிடிபடும். கல்லின் அடியும் பாதையின் ஓரமும் வெறிச்சென்று தெரியாமல் மூடுவது, நிழலான மூலைக்கு வெளிச்சம் கொடுப்பது. நம் வீட்டிலும் கோடு போட்ட மூங்கிலைப் பூச்செடிகள் நடுவே வைத்தால் அது எடுபடாது. கரும்பச்சை இலைச் செடிகளுக்கு முன்னால், நேர் வெயில் குறைந்த மூலையில், தனியாக வையுங்கள்.

இன்னும் சந்தேகம் உள்ளவர்கள் படம் அனுப்புங்கள். முழுச் செடியின் படம் ஒன்று. இலை தண்டோடு சேரும் இடம் தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில் இன்னொன்று. கணுவிலிருந்து கிளை வரும் இடம் மூன்றாவது. எந்தப் பக்கம் பார்த்த பால்கனி, என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். ஜூனில் தூர் பிரிக்கப்போகும் வாசகர்கள், ஒரு துண்டு மிச்சமிருந்தால் நமக்குத் தெரியப்படுத்துங்கள். வேண்டுமென்று கேட்டு எழுதியிருப்பவர்களில் உங்கள் பகுதிக்கு அருகே இருப்பவரோடு தொடர்பு ஏற்படுத்தித் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்